அரசுத் துறை கழகமாக மாறினால் எதெல்லாம் மாறும், எது மாறாது?

நீங்கள் கேட்டிருப்பது இது: மாநில அரசுத் துறை ஒன்றில் 24 ஆண்டுகளாக வேலை பார்க்கிறீர்கள். அந்தத் துறையைக் கழகமாக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. சங்கத்தில் இது தனியார்மயத்தின் முதல் படி என்கிறார்கள். மேலதிகாரிகளோ பெயர்ப்பலகை மட்டும்தான் மாறும் என்கிறார்கள். யாரை நம்புவது, பென்ஷன் என்ன ஆகும் என்பது உங்கள் கவலை. ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் இதற்குள் இரண்டு இருக்கின்றன. அமைப்பின் எதிர்காலம் ஒன்று, உங்கள் எதிர்காலம் இன்னொன்று. இரண்டையும் தீர்மானிக்கும் காகிதங்கள் வேறு வேறு. அரசு நிறுவனங்களின் கணக்குகளோடும் அரசாணைகளோடும் நெடுநாள் பழகிய அளவில் சொல்கிறேன்: இரு தரப்பு சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி, இன்னும் யாரும் எழுதாத விதிகளில் இருக்கிறது.

முதலில் 'கழகம்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தமிழில் அது இரண்டு வெவ்வேறு சட்ட வடிவங்களுக்குப் பெயராக இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1956-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு உருவாக்கியது. நம் ஊர்ப் போக்குவரத்துக் கழகங்கள் அப்படி இல்லை. 1972-இல் பல்லவன் தொடங்கியபோதே கம்பெனிச் சட்டத்தின் கீழ்தான் பதிவானது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் பஸ் ஓட்டும் கழகங்கள் 1950-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டத்தின் கீழ் வந்தவை. ஆக, ஒரே தொழில், ஒரே பெயர், சட்டம் மட்டும் வேறு. 'வாரியம்' என்ற பெயரையும் நம்ப முடியாது. தமிழ்நாடு மின்சார வாரியம் 1957 முதல் சட்டபூர்வ வாரியமாக இருந்தது. 2010 நவம்பர் 1 முதல் அது கம்பெனிகள். 2024-இல் அவற்றில் உற்பத்தியையும் பகிர்மானத்தையும் கவனித்த டான்ஜெட்கோவும் உடைந்து உற்பத்திக்கு ஒன்று, பசுமை மின்சாரத்துக்கு ஒன்று, பகிர்மானத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. வீட்டில் இன்னமும் 'இ.பி.' என்றுதான் சொல்கிறோம். எனவே உங்கள் துறை விஷயத்திலும் முதலில் கேட்க வேண்டியது 'எந்தச் சட்டத்தின் கீழ்?' என்பதைத்தான். சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றப் போகிறதா, இல்லை ஓர் அரசாணை போட்டு கம்பெனிப் பதிவாளரிடம் பதிவு செய்யப் போகிறார்களா?

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்பதை விற்பனை என்ற கோணத்தில் பார்த்தால் உடனே புரியும். துறையாக இருக்கும்வரை ஒன்றை விற்க முடியாது, ஏனென்றால் விற்கப் பங்கு என்று ஒன்று கிடையாது. தனிச் சட்டத்தில் வந்த கழகம் என்றால் அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும். எல்.ஐ.சி. பங்குகளில் 3.5 சதவீதத்தை 2022-இல் சந்தைக்குக் கொண்டுவர, அதற்கு முந்தைய ஆண்டே நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது. சாதாரண அரசுக் கம்பெனி என்றால் அமைச்சரவை முடிவே போதும். மத்திய அரசின் அலுமினியக் கம்பெனியான பால்கோவின் விற்பனை வழக்கில் 2001 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: பங்கு விற்பனை கொள்கை முடிவு, அதைத் தடுக்கும் உரிமை ஊழியர்களுக்கு இல்லை. ஆனால் 2003-இல் ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் விவகாரத்தில் அதே நீதிமன்றம் வேறு மாதிரி தீர்ப்பளித்தது. அவையும் கம்பெனிகள்தான். ஆனால் அவற்றின் சொத்து தேசியமயச் சட்டங்கள் வழியாக வந்தது. எனவே அந்தச் சட்டங்களைத் திருத்தாமல் தனியாரிடம் கொடுக்க முடியாது என்றது. அந்தச் சட்டங்கள் 2016-இல் நீக்கப்பட்டன. ஆக, கம்பெனி ஆக்குவது விற்பனை அல்ல. விற்பதற்குச் சட்டமன்றத்தின் வாசலை மிதித்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைத்தான் அது எடுத்துவிடுகிறது. சங்கத்தின் அச்சத்தில் நியாயமான பகுதி இது, இதைத் துல்லியமாகச் சொன்னால்தான் பேச்சுவார்த்தை மேசையில் அதற்கு எடை இருக்கும்.

விற்கப்படுவது நிச்சயமா என்றால், இல்லை. வெளிநாட்டுத் தந்தி, தொலைபேசியைக் கவனித்த மத்திய அரசுப் பிரிவு 1986-இல் வி.எஸ்.என்.எல். கம்பெனியாகி, 2002-இல் டாடா குழுமத்தின் கைக்குப் போனது. அதற்கு 16 ஆண்டு பிடித்தது. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 முதல் கம்பெனி, இன்றும் அரசு நிறுவனம். 2013-இல் அதன் பங்கில் 3.56 சதவீதத்தை வெளியே விற்க வேண்டிய நிலை வந்தபோது, தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே அதை வாங்கிக்கொண்டன. ஆந்திரத்தில் வண்டி எதிர்த்திசையில் ஓடியது: 2020 ஜனவரி 1 முதல் அங்குள்ள அரசுப் போக்குவரத்துக் கழகமான ஏ.பி.எஸ்.ஆர்.டி.சி.-இன் ஊழியர்கள் அரசு ஊழியர்களாகவே ஆக்கப்பட்டார்கள். கழகமான எல்லாம் விற்கப்படவில்லை. ஆனால் தனியார் கைக்குப் போனவை எல்லாம் போகும்போது கம்பெனியாகத்தான் இருந்தன. இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எதற்காகத்தான் கழகமாக்குகிறார்கள்? நேர்மையான காரணமும் ஒன்று உண்டு, அது பணம் நகரும் விதம். துறையின் வருமானம் முழுவதும் மாநிலத் தொகுப்பு நிதிக்குப் போய்விடும். செலவுக்கு மானியக் கோரிக்கை, சட்டமன்ற ஒப்புதல், கருவூலப் பட்டியல் என்று வரிசையாக வர வேண்டும். மார்ச் 31 இரவு செலவாகாமல் நிற்கும் தொகை காலாவதியாகிவிடும். ஆண்டு முழுக்க ஓடும் கொள்முதலுக்கு இந்த முறை பொருந்தாது. இதற்கு நல்ல உதாரணம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994 ஜூலையில் கம்பெனியாகப் பதிவாகி, அடுத்த ஜனவரியில் வேலை தொடங்கியது. அங்கே மாறியது சட்ட வடிவம் மட்டுமல்ல. தொழில்நுட்பத் தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை என்று டெண்டர் இரண்டாகப் பிரிந்தது. மாவட்டக் கிடங்குகள் வந்தன. கிடங்குக்கு வரும் சரக்கிலிருந்து மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்துக் குறியீட்டெண் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் முறை வந்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அதில் உள்ள தொகைக்குள் தனக்கு வேண்டிய மருந்தை அதுவே தேர்ந்து எடுக்கும் ஏற்பாடு செய்தார்கள். அரசு மருத்துவமனையில் தரும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், 'தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல' என்ற ரீதியில் அச்சிட்டிருக்கும். மருந்து வெளிக்கடைக்குக் கசியாமல் இருக்கப் போட்ட எளிய பூட்டு அது. பின்னாளில் கேரளமும் ராஜஸ்தானும் இந்த மாதிரியைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. கம்பெனி வடிவம் இதற்கெல்லாம் இடம் கொடுத்தது, அவ்வளவுதான். உள்ளே இந்த நடைமுறைகளை எழுதாமல் வெறும் கம்பெனி மட்டும் தொடங்கியிருந்தால், பழைய கொள்முதல் குளறுபடி புதிய லெட்டர்பேடில் தொடர்ந்திருக்கும்.

தவறு எங்கே நடக்கிறது என்பதற்கு மின்சாரம் பெரிய பாடம். கம்பெனி என்றால் செலவுக்கேற்ற விலையைக் கேட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் போக வேண்டும். தமிழ்நாட்டில் 2014 டிசம்பருக்குப் பிறகு கட்டணம் மாறியது 2022 செப்டம்பரில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் நிலக்கரி விலையும் வட்டியும் சம்பளமும் நிற்கவில்லை. 2017-இல் மின் பகிர்மான நிறுவனங்களின் கடனைச் சீரமைக்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் மாநில அரசு 22,815 கோடி ரூபாய்க் கடனைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் திரண்ட நட்டம் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. சுயாட்சி காகிதத்தில் இருந்தது, விலை முடிவு கோட்டையில் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் மிக மோசமான ஏற்பாடு. துறையாக இருந்திருந்தால் அந்த நட்டம் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் வெளிச்சமாகத் தெரிந்திருக்கும். கம்பெனியில் அது வங்கிக் கடனாக மறைந்து வட்டி போட்டு வளர்கிறது.

இதிலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மின்சாரச் சட்டம் 2003-இன் 65-ஆம் பிரிவு, எந்தப் பிரிவினருக்காவது அரசு கட்டணச் சலுகை கொடுக்க நினைத்தால் அந்தத் தொகையை முன்கூட்டியே கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. வீட்டு மின்கட்டண விவரத்தில் முதல் 100 யூனிட்டுக்கான மானியம் என்று ஒரு வரி கழியுமே, அதன் பின்னால் இந்தப் பிரிவு நிற்கிறது. பஸ்ஸுக்கு இப்படி ஒரு சட்டப் பிரிவு கிடையாது. 2021 மே மாதம் முதல் மகளிர் கட்டணமில்லாப் பயணம் நடக்கிறது. சமூகத்துக்குப் பெரும் பயன் தந்த திட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்கான ஈட்டுத்தொகை எவ்வளவு, எப்போது என்பது அரசாணையையும் நிதித்துறையின் கைவசப் பணத்தையும் பொறுத்தது. பணம் தாமதமானால் முதலில் டீசலுக்கும் சம்பளத்துக்கும் கொடுப்பார்கள். ஓய்வு பெற்றவரின் பணப்பலன் வரிசையில் பின்னால் போகும். 2018, 2024 ஆகிய இரண்டு ஜனவரி வேலைநிறுத்தங்களிலும் நிலுவைத் தொகை ஒரு கோரிக்கையாக இருந்தது தற்செயல் அல்ல. உங்கள் புதிய கழகம் இலவசமாகவோ சலுகை விலையிலோ ஏதாவது சேவை செய்ய வேண்டியிருந்தால், அதற்கான பணத்தை அரசு எந்தக் காலக்கெடுவில் தரும் என்பது சட்டத்திலோ ஒப்பந்தத்திலோ எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பென்ஷன் கவலைக்கு நேரடித் தொடர்புள்ள கேள்வி இது.

சொத்து விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். துறையின் நிலத்தைக் கழகத்துக்குக் கொடுக்கும்போது உரிமையையே மாற்றுகிறார்களா, பயன்படுத்தும் அனுமதி மட்டுமா என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். உபரி நிலத்தைத் தொடக்கத்திலேயே பிரித்து வைக்காவிட்டால் பின்னால் தலைவலி. வி.எஸ்.என்.எல். விற்பனையின்போது 773 ஏக்கர் நிலம் பேரத்தில் சேராது என்று ஒதுக்கப்பட்டது. அதைத் தனிக் கம்பெனிக்கு மாற்றி முடிக்க ஏறத்தாழ 18 ஆண்டுகள் ஆயின.

இனி உங்கள் வேலை. உறுதியாகச் சொல்லக்கூடியது: விசாரணை இல்லாமல் அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்வதைத் தடுக்கும் அரசியல் சாசனத்தின் 311-ஆம் பிரிவுப் பாதுகாப்பு கழக ஊழியருக்குக் கிடையாது. ஹிந்துஸ்தான் ஸ்டீல் வழக்கில் 1970-இலேயே உச்ச நீதிமன்றம், அரசுக் கம்பெனி ஊழியர் அரசுப் பதவி வகிப்பவர் அல்ல என்று சொல்லிவிட்டது. அதற்காகக் கேட்பாரற்றுப் போய்விடவும் மாட்டீர்கள். அரசுக் கம்பெனி சாசனத்தின் 12-ஆம் பிரிவுப்படி 'அரசு' என்றே கருதப்படுவதால் சமத்துவ உரிமைகள் தொடரும். உயர் நீதிமன்றத்தில் நேரடியாக ரிட் மனு போடலாம். மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துக் காரணம் சொல்லாமல் யாரையும் வெளியேற்றலாம் என்று ஒரு மத்தியக் கம்பெனி வைத்திருந்த விதியை 1986-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தூக்கி எறிந்தது. இட ஒதுக்கீடும் தொடரும். தமிழ்நாட்டில் பொதுத்துறை நிறுவனப் பணியிடங்களையும் டி.என்.பி.எஸ்.சி. வழியாக நிரப்ப 2022-இல் சட்டம் வந்தது. இவை அனைத்தும் பெரும்பான்மைப் பங்கும் கட்டுப்பாடும் அரசிடம் இருக்கும் நாள்வரைதான். ஏர் இந்தியா டாடாவிடம் போன பிறகு, அது இனி 12-ஆம் பிரிவின் கீழ் வராது என்று 2024-இல் தீர்ப்பாகிவிட்டது. விற்பனைக் கேள்வியும் வேலைக் கேள்வியும் ஒட்டும் இடம் இதுதான், அடுத்த தலைமுறைக்கான இட ஒதுக்கீடு காணாமல் போகும் இடமும் இதுதான்.

பென்ஷனுக்கு முன்மாதிரியாகப் பி.எஸ்.என்.எல். ஊழியர்களைப் பாருங்கள். 2000 அக்டோபர் 1-இல் தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பிரிவுகள் கம்பெனியாயின. அதற்கு முந்தைய நாளே மத்திய ஓய்வூதிய விதிகளில் 37-ஏ என்ற புதிய விதி சேர்க்கப்பட்டது. துறையிலிருந்து ஈர்த்துக்கொள்ளப்பட்டவர்களுக்கு இரண்டு சேவைக் காலத்தையும் கூட்டி அரசே ஓய்வூதியம் தரும் என்பது அதன் சாரம். கம்பெனி எவ்வளவு நட்டப்பட்டாலும் அவர்களுக்கு மாதாந்திர ஓய்வூதியம் வருவதற்கு அந்த விதிதான் காரணம். கம்பெனி தொடங்குவதற்கு முந்தைய நாள் எழுதி வாங்கியது அது. ஆனால் ஊதிய உயர்வை அது காப்பாற்றவில்லை. பொதுத்துறை ஊதியத் திருத்தம் கம்பெனியின் இலாபத்தோடு கட்டப்பட்டிருப்பதால், 2017 முதல் வர வேண்டிய திருத்தம் பி.எஸ்.என்.எல்.-இல் நின்றுபோனது, ஓய்வூதியத் திருத்தமும் அதோடு சிக்கி வழக்குவரை போனது. 2020 ஜனவரி 31-ஆம் தேதி ஒரே நாளில் 78,000-க்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். ஆகவே 'பென்ஷன் வருமா?' என்பதோடு 'எந்த ஊதியத்தின் அடிப்படையில், எந்தத் திருத்தத்தோடு?' என்றும் கேளுங்கள். அரசு நேரடியாகக் கொடுக்குமா, கழகம் தொடங்கும் ஓர் அறக்கட்டளை நிதி கொடுக்குமா என்பது இன்னும் பெரிய வேறுபாடு. அறக்கட்டளை என்றால், பழைய சேவைக் காலத்துக்கான தொகையைக் காப்பீட்டுக் கணிப்பாளர் கணக்கிட்டு அரசு முதல் நாளே போட்டாக வேண்டும். அதைப் போடாத நிதி பத்தாண்டுக்குள் வறண்டுவிடும்.

இதில் என்னால் சொல்ல முடியாத பகுதி ஒன்று உண்டு. உங்கள் துறையின் ஊழியர்களையும் சொத்தையும் கழகத்துக்கு எப்படி மாற்றுவார்கள் என்ற திட்டமே இன்னும் வெளிவரவில்லை. அது வரும்வரை 'உங்கள் பென்ஷன் பத்திரம்' என்றோ 'போய்விட்டது' என்றோ யார் சொன்னாலும் அது ஊகம். மின்சாரத்தில் சட்டத்தின் 133-ஆம் பிரிவே, மாற்றப்படும் ஊழியரின் பணி நிபந்தனை முன்பைவிடக் குறையக் கூடாது என்று சொல்லியிருந்தது. உங்கள் துறைக்கு அப்படிப்பட்ட சட்டம் இல்லையென்றால், அதே வாசகத்தை அரசாணையில் கேட்டு வாங்குவதுதான் வழி. அரசு, கழகம், சங்கம் மூன்றும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தம் அரசாணையைவிட வலுவாக நிற்கும்.

கணக்குக் காட்டும் பொறுப்பு போய்விடுமோ என்ற பயம் ஓரளவுக்கு மிகை. பங்கில் 51 சதவீதத்துக்குக் குறையாமல் அரசிடம் இருந்தால் தணிக்கையாளரை நியமிப்பது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரான சி.ஏ.ஜி.தான். அவர் துணைத் தணிக்கையும் செய்யலாம். ஆண்டறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். தகவல் உரிமைச் சட்டமும் பொருந்தும். நடைமுறையில் கெடுவது காலக்கெடு: கணக்கை முடிக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுப்பார்கள், அறிக்கை அவைக்கு வரும்போது அதிலுள்ள தவறுக்குப் பொறுப்பான அதிகாரி இரண்டு இடமாற்றம் பார்த்திருப்பார். மார்ச் மாதக் கடைசியில் துறைப் பணத்தைக் கழகக் கணக்கில் போட்டு 'செலவானது' என்று காட்டும் பழக்கமும் உண்டு.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. 10 ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு தகவல் உரிமை மனு போட்டு, கழகம் அமைப்பது தொடர்பாக வெளியிடப்பட்ட அரசாணைகள், ஆலோசகர் அறிக்கை இருந்தால் அதன் நகல், சொத்து மதிப்பீட்டுப் பட்டியல் ஆகியவற்றைக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. அமைச்சரவைக் குறிப்பை முடிவெடுக்கும்வரை தர மாட்டார்கள், அதற்கு விலக்கு உண்டு. கம்பெனி ஏற்கெனவே பதிவாகியிருந்தால் அதன் உள்விதிகளைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டிப் பார்க்கலாம். அதில் 'அரசு ஆணையிட்டால் இயக்குநர் குழு கட்டுப்பட வேண்டும்' என்ற பிரிவு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படியுங்கள். ஆணை எழுத்தில் வர வேண்டும், அதனால் வரும் நட்டத்தை அரசு ஈடுகட்ட வேண்டும் என்ற இரண்டு வரிகள் இருந்தால் நல்ல விதி.

கடைசியாக உங்கள் கைக்கு ஒரு விருப்பப் படிவம் வரும். அயல்பணி (அரசு ஊழியராகவே இருந்துகொண்டு கழகத்தில் வேலை பார்ப்பது), கழகம் நிரந்தரமாக ஈர்த்துக்கொள்வது என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். 2021 அக்டோபரில் 41 படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளானபோது, ஆவடி உட்பட எல்லா இடத்து ஊழியர்களும் முதலில் இரண்டாண்டு அயல்பணியாகக் கருதப்பட்டார்கள். பிறகு அது நீட்டிக்கப்பட்டது. அயல்பணியில் இருக்கும்வரை நீங்கள் அரசு ஊழியர். ஈர்த்துக்கொள்ளப்பட்ட நாளிலிருந்து அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதாகவே விதி எடுத்துக்கொள்ளும். மத்திய விதிகளில் 2025 மே மாதம் வந்த திருத்தம், கம்பெனியில் பணிநீக்கம் செய்யப்பட்டால் பழைய அரசுப் பணிக்கால ஓய்வூதியப் பலனும் பறிபோகலாம் என்கிறது. மாநில விதியில் அப்படி இருக்கிறதா என்று படிவத்தைத் தொடும் முன் விசாரியுங்கள். படிவத்தின் கீழே சிறிய எழுத்தில் இரண்டு வாசகங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்: 'ஒருமுறை அளித்த விருப்பம் இறுதியானது' என்பது ஒன்று, 'குறித்த தேதிக்குள் பதில் அளிக்காதவர்கள் சம்மதித்ததாகக் கருதப்படுவார்கள்' என்பது இன்னொன்று. இரண்டாவது வாசகம் இருந்தால் சும்மா இருப்பதும் ஒரு விருப்பம்தான். அந்தத் தேதிக்கு முன் எழுத்துமூலம் பதில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்துடன் ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.